குடல் அழற்சி உள்ளவருக்குக் கை கால் நரம்பு சிவந்து தடித்தால் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வருகிற நாள்பட்ட நோய், வந்து 11 வருடம் ஆகிறது. ஒருமுறை நோய் பலமாகக் கிளம்பி மருத்துவமனையில் 5 நாள் படுத்திருந்தேன். இடது முன்கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் பொருத்தி வைக்கும் ஊசிக்குழாய்) போட்டு அதன் வழியாகத்தான் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலையில் சட்டைக் கையை மடிக்கும்போது சுரீரென்றது. பார்த்தால் ஊசி குத்திய இடத்திலிருந்து முழங்கையை நோக்கி ஒரு சிவந்த கோடு. விரலால் தொட்டால் தோலுக்கு அடியில் பேனா ரீஃபில் மாதிரி கெட்டியாக ஒன்று உருண்டது. ரத்தம் கட்டியிருக்கிறது, நீவி விட்டால் கரைந்துவிடும் என்று நினைத்து நன்றாக அழுத்தி நீவினேன், வலி தாங்காமல் வீட்டில் கிடந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் காலையும் இரவுமாக 3 நாள் போட்டேன். கை வலி குறைந்தது. நான்காம் நாள், அடங்கியிருந்த ரத்தப்போக்கு திரும்ப ஆரம்பித்தது. அந்த மாத்திரைதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் குடல் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே "வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா?" என்பதுதான்.

அன்று நான் செய்தவை இரண்டுமே தப்பு. நீவியதும் தப்பு, அந்த மாத்திரையைப் போட்டதும் தப்பு. வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும்போது கிரோன்ஸ் (இன்னொரு வகைக் குடல் அழற்சி நோய்), கொலைட்டிஸ் உள்ள எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், அவர்களில் பலர் இதையேதான் செய்திருக்கிறார்கள். குடலுக்கு ஒரு மருத்துவர், கை காலுக்கு இன்னொரு மருத்துவர் என்று தனித்தனியாகப் போகும்போது நடுவில் விழுந்துவிடுகிற விஷயம் இது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஆள் நாம்தான். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம்

நாம் எல்லாவற்றையும் "நரம்பு" என்றுதான் சொல்கிறோம். ட்ரிப்ஸ் ஏற்றுவதும் நரம்பில், கால் மரத்துப்போவதும் நரம்பால். மருத்துவரிடம் "நரம்பு வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் உணர்வு நரம்பு என்று எடுத்துக்கொண்டு வைட்டமின் மாத்திரை எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. நாம் சொல்ல வருவது ரத்தக்குழாய். அதிலும் இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற சிரை. தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிற சிரை வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்துபோவதை மேல்சிரை அழற்சி என்கிறார்கள். மருத்துவமனையில் த்ராம்போஃப்ளெபைட்டிஸ் என்ற சொல்லைக் கேட்பீர்கள். தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடுகிற பெரிய சிரையில் ரத்தம் உறைந்தால் அது ஆழ்சிரை உறைவு, டி.வி.டி. அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

"ரத்தக்கட்டு" என்ற சொல்லிலும் இதே சிக்கல்தான். எங்கேயாவது இடித்துக்கொண்டு கன்றிப்போவதும் ரத்தக்கட்டு, குழாய்க்குள் உறைந்து நிற்பதும் ரத்தக்கட்டு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் கை தானாகத் தேய்க்கப் போகிறது. அதனால் "ஊசி போட்ட ரத்தக்குழாய் கயிறு மாதிரி கெட்டியாகி, சிவந்து வலிக்கிறது" என்று முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள்.

குடல் நோய்க்கும் காலில் உறைவதற்கும் என்ன சம்பந்தம்

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பார்கன், பார்க்கர் என்ற இரு மருத்துவர்கள் 1936-லேயே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு ரத்தம் உறைவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு ஆழ்சிரை உறைவும் நுரையீரல் அடைப்பும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நோய் கிளம்பியிருக்கும் காலத்தில், அதாவது ஃப்ளேர் இருக்கும்போது, அது சுமார் 8 மடங்காகிறது என்று 2010-இல் பிரிட்டனில் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

காரணம் எளிதுதான். குடலில் அழற்சி எரிந்துகொண்டிருக்கும்போது அது குடலோடு நிற்பதில்லை. அங்கே சுரக்கும் ரசாயனங்கள் ரத்தம் முழுக்கச் சுற்றுகின்றன, தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறுகிறது, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடுகின்றன, உறைந்ததைக் கரைக்கும் வேலை மந்தமாகிறது. இதோடு பத்துப் பதினைந்து முறை வயிற்றால் போய் உடம்பில் நீர் வற்றியிருக்கும், எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் படுத்தே கிடப்போம், ஸ்டீராய்டு வேறு உள்ளே போய்க்கொண்டிருக்கும், கையில் ஊசி குத்தியிருக்கும். ரத்தம் தேங்குவது, குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது என்ற மூன்றும் சேர்ந்தால் உறைவு வரும் என்பது 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோவின் பெயரால் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. ஃப்ளேரில் படுத்திருக்கும் ஒருவருக்கு அந்த மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கின்றன.

அதனால்தான், மற்றவர்களுக்கு "ஒன்றுமில்லை, பத்து நாளில் போய்விடும்" என்று விடக்கூடிய மேல்சிரை அழற்சியை நாம் அப்படி விடக் கூடாது. மேல்சிரையில் உறைவு என்று வந்தவர்களை ஸ்கேன் செய்து பார்த்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அதே சமயத்தில் ஆழ்சிரையிலோ நுரையீரலிலோ உறைவு இருந்தது. அது பொதுவான நோயாளிகளிடம் பார்த்தது, குடல் நோயாளிகளை மட்டும் பார்த்தது அல்ல.

பார்த்ததும் செய்ய வேண்டியது

ஒரு பேனாவை எடுங்கள். சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இரண்டு முனையிலும் தோலின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். தையல் டேப் இருந்தால் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 5 செ.மீ.க்கு மேலா கீழா என்பது பின்னால் மருந்தைத் தீர்மானிக்கிற அளவு. ஒரு படமும் எடுத்து வையுங்கள். மறுநாள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் வாதத்துக்கே இடமில்லை, பரவுகிறது என்று அர்த்தம்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வலது காலில் வந்தபோது இதைத்தான் செய்தேன். முழங்காலின் உட்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு, மாலை 6 மணிக்குக் கோடு போட்டேன். மறுநாள் விடிந்தபோது அது கோட்டைத் தாண்டித் தொடையில் நாலு விரல் மேலே ஏறியிருந்தது. படத்தையும் கோட்டையும் காட்டியதும் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் வேறு எதுவும் கேட்காமல் அப்போதே டாப்ளர் ஸ்கேனுக்கு, அதாவது குழாய்க்குள் ரத்தம் ஓடுவதைக் காட்டும் ஸ்கேனுக்கு, அனுப்பினார். வெறுமனே "கால் வலிக்கிறது" என்று சொல்லியிருந்தால் எத்தனை மணி நேரம் வரிசையில் இருந்திருப்பேனோ.

காலில் வந்திருந்தால் இன்னொரு அளவும் எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. கீழே, இரண்டு கால்களின் கெண்டைச் சதைச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். வலிக்கிற கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பெருத்திருந்தால் ஆழ்சிரை உறைவைச் சந்தேகிக்க வேண்டும், அன்றே போங்கள். அளவு சமமாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது, ஸ்கேன் மட்டும்தான் முடிவு சொல்லும்.

காய்ச்சலையும் பாருங்கள். ஆனால் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்குக் கிருமித்தொற்று இருந்தாலும் காய்ச்சல் சரியாக ஏறாது, இதை மறக்க வேண்டாம். அசதியாகக் கிடந்து, குளிர் நடுக்கம் வந்து, ஊசி குத்திய இடத்தில் சீழ் தெரிந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் சரி, உடனே போக வேண்டியதுதான்.

அப்புறம், அதே மாதிரி தோற்றமளிக்கிற வேறு சிலவும் நமக்கு வரும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல், இரண்டு காலிலும், காசளவில் சிவந்த வலிக்கிற முடிச்சுகள் வந்தால் அது பெரும்பாலும் எரித்தீமா நோடோசம். அதுவும் குடல் நோயோடு சேர்ந்து வருவதுதான், ஃப்ளேர் அடங்கினால் அதுவும் அடங்கும். மேல்சிரை அழற்சியோ ஒரு குழாயின் பாதையில் கயிறு போல நீளமாகப் போகும். கோடு இல்லாமல் ஒரு பரப்பு முழுக்கச் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால் தோலுக்கு அடியில் தொற்று இருக்கலாம். சிவந்த கோடு ஒரு காயத்திலிருந்து கிளம்பி மேலே போய் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியிருந்தால் அதுவும் தொற்றுதான், அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் இதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்

மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பது, மயக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் ஆம்புலன்ஸ். ஒரு கால் முழுக்க வீங்கி இறுகினால், அல்லது மத்தியச் சிரையில், அதாவது இதயத்துக்கு அருகே உள்ள பெரிய சிரையில், குழாய் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தக் கை முழுதும், கழுத்தோடு சேர்த்து வீங்கினால் அன்றே அவசரப் பிரிவு. இன்னும் இரண்டு உண்டு, இவற்றைப் பலர் தவறவிடுகிறார்கள். ஒன்று, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி, கூடவே பார்வை மங்கல் அல்லது வலிப்பு. மூளையின் சிரைகளிலும் உறையலாம். மற்றொன்று, வழக்கமான ஃப்ளேர் வலி மாதிரி இல்லாத, விடாத வயிற்று வலி. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரைகளில் உறைந்தால் அப்படி வலிக்கும். நம் வயிற்று வலி நமக்குப் பழக்கமானது, அது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். "இது அந்த வலி இல்லை" என்று தோன்றினால் அதை நம்புங்கள், மருத்துவரிடமும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லாமல் காலில் கயிறு மட்டும் என்றால் அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள். தொடையில், குறிப்பாகத் தொடையிடுக்குக்கு அருகில் என்றால் மறுநாள் என்ற பேச்சே வேண்டாம். கணுக்காலின் உட்பக்கத்திலிருந்து முழங்கால், தொடை வழியாக ஏறுகிற பெரிய மேல்சிரை தொடையிடுக்கில்தான் ஆழ்சிரையோடு போய்ச் சேர்கிறது. அந்தச் சந்திப்பிலிருந்து 3 செ.மீ.க்குள் உறைவு இருந்தால் அதை ஆழ்சிரை உறைவாகவே கருதி முழு அளவு மருந்து தருவார்கள். கையில், வென்ஃப்ளான் இருந்த இடத்தில் மட்டும், சின்னதாக என்றால் இரண்டு நாள் பார்க்கலாம், ஆனால் குடல் மருத்துவருக்கு ஒரு போன் செய்துவிட்டுப் பாருங்கள்.

வலிக்கு என்ன போடுவது

மேல்சிரை அழற்சிக்கு எல்லோருக்கும் எழுதித் தருகிற மருந்தே ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் வகை வலி மாத்திரைகள்தான். நம்மில் பலருக்கு அவை குடலைக் கிளப்பிவிடும். உங்களுக்குக் குடல் நோய் இருப்பது தெரியாமல் ஒரு மருத்துவர் இதை எழுதினால் அது அவர் தப்பு இல்லை, நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பாராசிட்டமால் குடலுக்குப் பாதுகாப்பானது, அளவுக்குள் போட்டுக்கொள்ளலாம். கல்லீரல் கோளாறு இருப்பவர் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பொறுத்தவரை, தோல் வழியாக உடம்புக்குள் போவது மாத்திரையைவிட மிகக் குறைவு, அதனால் சில மருத்துவர்கள் கையில் சிறிய இடத்தில் சில நாள் பூச அனுமதிக்கிறார்கள். என் மருத்துவர் எனக்கு அனுமதித்தார், ஆனால் ஃப்ளேர் முழுதாக அடங்கிய பிறகுதான். கேட்காமல் பூச வேண்டாம். பூசும்போதும் தேய்க்காமல் தடவி விடுங்கள்.

வெதுவெதுப்பான ஈரத்துணியை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை 15, 20 நிமிடம் போட்டு வைத்தால் நிஜமாகவே இதமாக இருக்கும். உட்காரும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஆனால் படுத்துவிடாதீர்கள்! நடக்க வேண்டும். கெண்டைச் சதை சுருங்கி விரியும்போதுதான் காலில் இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. கழிப்பறைக்குப் பக்கத்திலேயே, அறைக்குள்ளேயே என்றாலும் சரி, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தால் போதும். அழுத்தம் தரும் ஸ்டாக்கிங்ஸ் உதவும், ஆனால் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியில் அடைப்பு இல்லை என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் போட வேண்டும், அளவும் எடுத்து வாங்க வேண்டும். நீவுவது, உருவுவது, மசாஜ் செய்வது எதுவும் கூடவே கூடாது. உறைந்திருப்பது பிய்ந்து நகர நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், பதற்றத்தில் பாதி மறந்துபோகும். நான் எழுதிக்கொண்டு போனது இதுதான்: "எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இப்போது ஃப்ளேர், ஒரு நாளைக்கு 8 முறை போகிறது, ரத்தம் இருக்கிறது. பிரெட்னிசோலோன் எடுக்கிறேன். நேற்று மாலை முதல் வலது காலில் சிவப்பு, நீளம் இவ்வளவு, இரவுக்குள் இவ்வளவு ஏறியிருக்கிறது. முன்பு ஒருமுறை கையில் வந்திருக்கிறது. வலி மாத்திரைகள் எனக்கு ஆகாது." இதோடு கருத்தடை மாத்திரை, கர்ப்பம், புகைப்பழக்கம், சமீபத்தில் செய்த அறுவை சிகிச்சை, குடும்பத்தில் யாருக்காவது இள வயதில் ரத்தம் உறைந்தது ஆகியவற்றில் உங்களுக்குப் பொருந்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோஃபாசிட்டினிப் என்ற குடல் அழற்சி மாத்திரை எடுப்பவர்கள் அதை விடாமல் சொல்ல வேண்டும். அந்த மருந்தில், முக்கியமாக 10 மி.கி. தினம் இருமுறை என்ற அளவில், உறைவு அபாயம் கூடுகிறது என்று 2019-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரித்திருக்கின்றன.

டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். வலிக்கிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் போதாது, தொடையிடுக்கிலிருந்து கீழே வரை, ஆழ்சிரைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் உறைவின் நீளமும், சந்திப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் அது முடிகிறது என்பதும் இருக்க வேண்டும். சில இடங்களில் முதலில் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். மற்றவர்களுக்கு அது உதவும், ஆனால் குடலில் அழற்சி இருக்கும்போதே நம் டி-டைமர் ஏறியிருக்கும், அதனால் ஏறியிருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து

காலில் 5 செ.மீ.யோ அதற்கு மேலோ நீளம், ஆழ்சிரைச் சந்திப்பிலிருந்து 3 செ.மீ.க்கு அப்பால் என்றால் வழக்கமாகத் தருவது ஃபோண்டாபாரினக்ஸ் 2.5 மி.கி. ஊசி, தினம் ஒன்று, 45 நாள். இது எங்கிருந்து வந்தது என்றால், 2010-இல் வெளியான கலிஸ்டோ என்ற சோதனையில் சுமார் 3,000 பேரிடம் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 5.9 சதவீதம் பேருக்கு உறைவு பரவுவது, திரும்ப வருவது போன்ற சிக்கல்கள் வந்தன, மருந்து போட்டவர்களில் 0.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தன. இதற்குப் பதிலாக ஹெப்பாரின் வகை ஊசியோ ரிவராக்சபான் 10 மி.கி. மாத்திரையோ எழுதுபவர்களும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாரின் வகை ஊசிதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவும் மருந்தும் மாறும்.

இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறோம். "மலத்தில் ஏற்கெனவே ரத்தம் போகிறது, இதில் ரத்தம் உறையாமல் இருக்க வேறு மருந்தா?" நானும் அந்த ஊசியை முதல் நாள் இரவு கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பயந்து உட்கார்ந்திருந்தேன். உண்மை என்னவென்றால், ஃப்ளேரில் ஹெப்பாரின் கொடுத்தவர்களுக்குப் பெரிய ரத்தப்போக்கு குறிப்பிடும்படி கூடவில்லை என்றுதான் அனுபவம் காட்டுகிறது. ஃப்ளேருக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு, உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இல்லாத வரை, தடுப்பு அளவில் இதைக் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய, கனடிய குடல் நோய் மருத்துவர் அமைப்புகளின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. எனவே மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளே "எனக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி உண்டா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, கேட்டதால் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஊசியை நாமே போட்டுக்கொள்ள முடியும். வயிற்றில் தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, தழும்போ ஸ்டோமா பையோ (மலம் சேர வயிற்றில் ஒட்டும் பை) இல்லாத இடத்தில் சதையை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, நேராகக் குத்தி மெதுவாக அழுத்த வேண்டும். மருந்து போய் முடியும்வரை மடிப்பை விடக் கூடாது. நிரப்பி வரும் சிரிஞ்சில் ஒரு காற்றுக் குமிழி இருக்கும், அதை வெளியேற்ற வேண்டாம், அது இருக்க வேண்டியதுதான். எடுத்த பிறகு தேய்க்காதீர்கள், தேய்த்தால் அந்த இடம் கன்றிப் போகும். ஒரு நாள் இடது, மறுநாள் வலது என்று மாற்றிப் போடுங்கள். நான்கு நாளில் பழகிவிட்டது எனக்கு.

மருந்து எடுக்கும் காலத்தில் கவனிக்க வேண்டியவற்றில் குடல் நோயாளிகளுக்கே உரிய சில இருக்கின்றன. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்கு மெட்ரோனிடசோலோ சிப்ரோஃப்ளாக்சசினோ கொடுத்தால் ரத்தம் அதிகமாக மெலிந்துவிடும், கிரோன்ஸுக்கு அடிக்கடி எழுதப்படுகிற மருந்துகள் இவை. நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும் அசதயோப்ரின் எதிர்மாறாக வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். அறுவை சிகிச்சையில் சிறுகுடலின் பெரும்பகுதியை எடுத்தவர்களுக்கு ரிவராக்சபான் போன்ற மாத்திரைகள் முழுதாக உறிஞ்சப்படாமல் போகலாம், அவர்கள் இதை எடுத்துச் சொல்லி ஊசியா மாத்திரையா என்று கேட்க வேண்டும். பி12 ஊசி தசையில் போடுகிறவர்கள் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தசைக்குள் ரத்தம் கசியக்கூடும், தோலுக்கு அடியில் போடும் வழி இருக்கிறது. கொலனோஸ்கோபி தேதி குறித்திருந்தால் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டு மருத்துவர்களையும் கேளுங்கள். மலத்தில் ரத்தம் முன்பைவிடத் தெளிவாகக் கூடினால், கறுப்பாகப் போனால், தலை சுற்றினால் அன்றே தகவல் சொல்ல வேண்டும்.

திரும்பத் திரும்ப வந்தால்

ஒருமுறை வந்து போனால் சரி. அடுத்தடுத்து, அதுவும் இடம் மாறி மாறி, கை, கால், மார்பு என்று வந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறதா என்று தேட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது குடல் உண்மையிலேயே அடங்கியிருக்கிறதா என்பதை. வயிறு அமைதியாக இருப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே அழற்சி எரிந்துகொண்டிருக்கலாம், மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தைப் பார்த்தால் தெரியும். அடுத்து ரத்தத்தில் இருக்கும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம். பி12, ஃபோலேட், பி6 குறைந்தால் இது ஏறும், ஏறினால் உறைவுக்குச் சாதகம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கிரோன்ஸ் உள்ளவர்களுக்கும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கும் பி12 குறையும். சல்ஃபாசலசினும் மெதோட்ரெக்சேட்டும் ஃபோலேட்டைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குறைபாடு தட்டணுக்களை ஏற்றும், அதையும் சரிசெய்யுங்கள்.

பெஷெட் என்று ஒரு நோய் இருக்கிறது. வாய்ப்புண், பிறப்புறுப்பில் புண், கண் சிவப்பு, குடலில் கிரோன்ஸைப் போலவே புண்கள், மேல்சிரை அழற்சி எல்லாம் அதில் வரும். கிரோன்ஸ் என்றே நினைத்துப் பல வருடம் போய்விடுகிறவர்கள் உண்டு, அதனால் இந்த அறிகுறிகள் சேர்ந்திருந்தால் வாயைத் திறந்து அந்தப் பெயரைக் கேளுங்கள். இடம் மாறி வருகிற மேல்சிரை அழற்சி சில சமயம் மறைந்திருக்கும் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை, மருத்துவர் கூடுதல் பரிசோதனை எழுதினால் ஏன் என்று புரியட்டுமே. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் மகப்பேறு மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள். புகையை விடுங்கள், கிரோன்ஸுக்கும் அது எதிரி.

அடுத்த முறை ஊசி போடும்போது

வென்ஃப்ளான் போட வரும்போது மணிக்கட்டு, முழங்கை மடிப்பு வேண்டாம், முன்கையின் நேரான பகுதியில் போட முடியுமா என்று கேளுங்கள். மடிகிற இடத்தில் குழாய் ஆடி ஆடி உட்சுவரை உரசும். காலில் போடவே கூடாது என்றில்லை, ஆனால் வேறு வழி இருக்கும்போது வேண்டாம். மருந்து ஏற்றும்போது எரிந்தால், சலைன் தள்ளும்போது வலித்தால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், கூப்பிட்டுச் சொல்லுங்கள். பொட்டாசியம் ஏற்றும்போது இது அதிகம் நடக்கும். சுற்றிலும் சிவந்துவிட்டால் அந்த ஊசியை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும், "இன்னும் ஒரு பாட்டில்தானே" என்பது நல்ல காரணம் அல்ல. வீட்டுக்குப் போனபின் 2, 3 நாள் கழித்தும் அந்த இடம் சிவக்கலாம், குளிக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிற்றால் போகும் நாட்களில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை விடாமல் குடியுங்கள். நீண்ட பயணம் என்றால் இடையில் எழுந்து நடங்கள், பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். குடல் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தடுப்பு ஊசியை இன்னும் சில வாரம் தொடர வேண்டுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

வலியும் சிவப்பும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். அந்தக் கயிறு மட்டும் தோலுக்கு அடியில் மாதக்கணக்கில் இருக்கும், மேலே தோல் பழுப்பாக நிற்கும். எனக்குக் கையில் இருந்தது முழுதாக மறைய ஐந்து மாதம் ஆனது. வலிக்காத கயிறு பழையது, அதைக் கண்டு கலங்க வேண்டாம். அதே இடத்தில் திரும்ப வலி எடுத்தாலோ, கயிற்றின் நுனி மேலே நகர்ந்தாலோ மறுபடியும் பேனாவை எடுத்துக் கோடு போட்டுவிட்டு, இன்னொரு ஸ்கேனுக்குக் கிளம்புங்கள்.